கடன் வாங்கிச் செலவிடும் அரசு வேலைகளை உருவாக்குகிறதா?

வாசகர் கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் அமெரிக்காவில் பாலங்களை வடிவமைக்கும் பொறியியல் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்களுக்கு வரும் பணிகளில் பெரும்பகுதி 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் ஒதுக்கிய பணத்தில் நடப்பவை. ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின் கடன் 38 டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது என்ற செய்தி வந்தபோது, உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர், "நாம் வாங்கும் சம்பளம் நம் பிள்ளைகளின் தலையில் ஏற்றிய கடன். அரசு தரும் ஒவ்வொரு வேலையும் தனியார் தந்திருக்கக்கூடிய ஒரு வேலையைப் பறித்துத் தருவதுதான்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது சரிதானா? கடன் இப்படியே ஏறிக்கொண்டு போனால் எங்கள் துறையில் வேலை நிலைக்குமா? என் சேமிப்பில் ஒரு பகுதி அரசுக் கடன் பத்திரங்களில் இருக்கிறது. அது பாதுகாப்பானதா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது ஒரு சூழலில் முழுக்கச் சரி, இன்னொரு சூழலில் முழுக்கத் தவறு. நாட்டில் வேலை செய்யத் தயாராக இருந்தும் வேலை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்தால்தான் எந்தச் சூழலில் இருக்கிறோம் என்பது தெரியும். கொத்தனாரும் வெல்டரும் பொறியாளரும் ஏற்கெனவே முழுநேரமும் வேலையில் இருக்கும் காலத்தில் அரசு ஒரு பாலம் கட்டப் புறப்பட்டால், அதற்கான ஆட்களை வேறு ஏதோ ஒரு வேலையிலிருந்துதான் இழுத்தாக வேண்டும். கூலி ஏறும், இரும்பும் சிமென்ட்டும் விலை ஏறும், வட்டியும் ஏறும், தனியார் ஒருவர் கட்ட நினைத்த தொழிற்கூடம் தள்ளிப்போகும். அதே ஆட்கள் வேலையின்றி வீட்டில் இருக்கும் காலத்தில் அரசு செலவிட்டால் யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படுவதில்லை. வீணாகக் கழிந்திருக்கும் உழைப்பு பாலமாகிறது, அந்தக் கூலியைச் செலவிடும்போது அது அடுத்தவருக்கு வருமானமாகிறது.

1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பொதுப்பணித் திட்ட நிர்வாகம், 1943இல் மூடப்படும் வரை சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. உங்கள் துறையைச் சேர்ந்த விவரம் ஒன்று: அந்தத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட அல்லது சீரமைக்கப்பட்ட பாலங்கள் மட்டும் 75,000க்கும் அதிகம். அந்த ஆட்களைத் தனியார் நிறுவனங்கள் எவையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அதற்குச் சான்று 1937இல் கிடைத்தது. பொருளாதாரம் எழுந்து நின்றுவிட்டது என்று எண்ணிய ரூஸ்வெல்ட் பற்றாக்குறையைக் குறைக்கச் செலவைச் சுருக்கினார். அதே காலத்தில் முதியோர் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரி வசூலும் தொடங்கியது, நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் பிற வங்கிகள் வைத்திருக்க வேண்டிய கையிருப்பின் அளவை உயர்த்தியது. 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்த வேலையின்மை 1938இல் 19 சதவீதத்துக்கு ஏறியது. (நிவாரணப் பணியில் இருந்தவர்களையும் வேலையற்றோர் கணக்கிலேயே சேர்த்த புள்ளிவிவரம் அது. ஆகவே உண்மை நிலை அந்த எண்கள் காட்டும் அளவுக்கு மோசமாக இல்லை. ஆனால் ஏறிய திசையில் ஐயமில்லை.) அரசு ஒதுங்கினால் தனியார் முன்வருவார்கள் என்ற வாதம் உண்மையாக இருந்திருந்தால் அந்த ஆண்டில் வேலைகள் பெருகியிருக்க வேண்டும்.

2009இல், பெரும் மந்தநிலையின் நடுவே, இதே கேள்வி மீண்டும் எழுந்தது. பிப்ரவரி 17 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தின் மதிப்பு 787 பில்லியன் டாலர் என அப்போது கணக்கிடப்பட்டது. அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. "இத்தனை கோடி செலவிட்டும் வேலையின்மை ஏறியதே" என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். செலவிடாமல் இருந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்பதோடுதான் அதை ஒப்பிட வேண்டும், அந்த நிலையை யாரும் நேரில் பார்க்க முடியாது. ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டுக்கு ஃபெடரல் அரசு தந்த கூடுதல் பணம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே அளவில் போகவில்லை. மந்தநிலைக்கு முன்பே அத்திட்டத்துக்கு அதிகம் செலவிட்டுவந்த மாநிலங்களுக்கு அதிகமாகவும், மற்றவற்றுக்குக் குறைவாகவும் போனது. அதிகம் பெற்ற மாநிலங்களையும் குறைவாகப் பெற்றவற்றையும் வைத்துப் பார்த்ததில், ஒரு லட்சம் டாலருக்கு 3.8 வேலை-ஆண்டுகள் கூடுதலாக உருவாயின என்று தெரிந்தது. அவற்றில் 3.2, அரசு, மருத்துவம், கல்வி ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளியே உருவானவை. அதாவது மருத்துவமனைக்குப் போன பணம் கடைகளிலும் பட்டறைகளிலும் உணவகங்களிலும் வேலையாக மாறியிருக்கிறது.

இங்கே வேலை-ஆண்டு என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு ஓராண்டு வேலை என்பதுதான் அதன் அளவு. ஐந்தாண்டு நீடிக்கும் ஒரு பணியிடத்தை ஐந்து வேலைகள் என்று அறிவிப்பது அரசியல்வாதிகளுக்கு எளிது. செலவை எதிர்ப்பவர்களோ, பல ஆண்டுகளுக்கான மொத்தத் தொகையை ஒரே ஆண்டின் பணியிடங்களால் வகுத்து, ஒரு வேலைக்கு ஆன செலவு என்று மலைக்க வைக்கும் ஒரு தொகையைச் சொல்வார்கள். இருவர் சொல்வதையும் நம்புவதற்கு முன் எந்த அளவுகோலில் எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

மருத்துவ உதவிப் பணம் ஏன் இவ்வளவு விரைவாக வேலை செய்தது? அமெரிக்க மாநிலங்களில் வெர்மான்ட் தவிர மற்ற எல்லாவற்றிலும் வரவுக்குள் செலவை அடக்க வேண்டும் என்ற விதி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மந்தநிலையில் வரி வருவாய் குறைந்ததும் அவை ஆசிரியர்களையும் தீயணைப்பு வீரர்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிறது. ஃபெடரல் அரசு மட்டுமே அந்த நேரத்தில் கடன் வாங்கி அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது. புதிய வேலை தேடி அலையாமல், இருக்கும் வேலை போகாமல் தடுத்ததே அந்தச் செலவின் வெற்றி. பாலம், சாலைக்கான பணம் அப்படி ஓடுவதில்லை. இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வடிவமைப்பு, சுற்றுச்சூழல் ஆய்வு, நிலம் எடுப்பு, டெண்டர் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் ஒப்பந்ததாரர் ஆள் எடுப்பார். மாநிலம் முதலில் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு ஃபெடரல் நெடுஞ்சாலை நிர்வாகத்திடம் பில்லை அனுப்பி, பெரும்பாலான பணிகளில் 80 சதவீதத்தைத் திரும்பப் பெறும். ஒதுக்கிய தொகையில் முதல் ஆண்டில் கைமாறுவது ஏறத்தாழ கால் பங்குதான். உடனே தொடங்கத் தயாராக இருக்கும் பணிகள் என்று எதுவும் இல்லை என்பதை ஒபாமாவே 2010இல் ஒப்புக்கொண்டார். மந்தநிலையில் அவசர மருந்தாக உங்கள் துறை அவ்வளவாகப் பயன்படாது. ஐம்பது ஆண்டு நிற்கும் பாலம் என்ற வேறு நன்மையே அதைச் செய்வதற்கான காரணம்.

வரிச் சலுகையும் செலவுதான் என்பதை இந்தப் பேச்சில் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவு செலவு ஆய்வு அலுவலகம் 2009 சட்டத்தின் ஒவ்வொரு வகைச் செலவையும் தனித்தனியே மதிப்பிட்டது. அரசு நேரடியாகப் பொருளும் சேவையும் வாங்கினால், ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் முதல் இரண்டரை டாலர் வரை உற்பத்தி கூடும். அதிக வருமானம் உள்ளவர்களுக்குத் தரும் வரிச் சலுகையில் அது 10 முதல் 60 சென்ட்தான். கையில் வந்த பணத்தை அப்படியே செலவிட வேண்டிய நிலையில் இருப்பவரிடம் போகும் டாலரே அதிக வேலையை உருவாக்குகிறது. உங்கள் நண்பர் கடனைப் பற்றிக் கவலைப்படும்போது, வரிக்குறைப்பால் ஏறிய கடனையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நண்பரின் வாதம் முழுக்கச் சரியான சூழலுக்கும் அண்மையிலேயே சான்று உண்டு. 2020 ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியபோது, அதற்குச் சில வாரங்களுக்கு முன் நிறைவேறியிருந்த 2.2 டிரில்லியன் டாலர் நிவாரணச் சட்டம் கோடிக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றியது. 2021 மார்ச்சில் மேலும் 1.9 டிரில்லியன் வந்தபோது வேலையின்மை பாதிக்கு மேல் இறங்கிவிட்டிருந்தது. வேலைகள் வேகமாகத் திரும்பின, 2023 தொடக்கத்தில் வேலையின்மை 3.4 சதவீதத்துக்குக் குறைந்தது. ஆனால் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பொருள் வரத்துத் தடையும் உக்ரைன் போரும் அதற்குப் பெரிய காரணங்கள். தேவைக்கு மேல் ஊற்றப்பட்ட பணமும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்க மாட்டேன். எவ்வளவு பங்கு என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை.

இனிக் கடனுக்கு வருவோம். ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. 38 டிரில்லியனில் ஏழு டிரில்லியனுக்கு மேல் ஃபெடரல் அரசு தன்னுடைய சமூகப் பாதுகாப்பு நிதி போன்ற கணக்குகளுக்கே தர வேண்டியது. வெளியாரிடம் வாங்கியது சுமார் 30 டிரில்லியன். அது நாட்டின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு ஏறத்தாழச் சமம். 1946இல், போர் முடிந்த கையோடு, இந்த விகிதம் 106 சதவீதமாக இருந்தது. 1974இல் அது 23 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் கடனை யாரும் திருப்பி அடைக்கவில்லை. 1946இல் 240 பில்லியனை ஒட்டி இருந்த கடன் 1974இல் 340 பில்லியனைத் தாண்டியிருந்தது. நாட்டின் வருமானம் அதைவிடப் பன்மடங்கு வேகமாக வளர்ந்தது, பணவீக்கமும் கடனின் உண்மை மதிப்பைக் கரைத்தது, வட்டி விகிதம் தாழ்ந்தே இருந்தது. குடும்பக் கடனோடு ஒப்பிட்டுப் பேசுவது இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகிறது. குடும்பத் தலைவர் ஓய்வு பெறுவதற்குள் கடனை அடைத்தாக வேண்டும். அரசுக்கு ஓய்வு வயது இல்லை. பழைய பத்திரம் முதிர்ந்தால் புதியதை விற்று அதை மாற்றிக்கொள்ளும். ஒரு முறை, 1835 ஜனவரியில், ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சியில் கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. அது நீடிக்கவும் இல்லை, 1837இல் வந்த பெரும் நெருக்கடியைத் தடுக்கவும் இல்லை.

கடன், உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று உங்கள் நண்பர் எங்கேனும் படித்திருக்கலாம். பொருளாதாரப் பேராசிரியர்களான கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகோஃபும் 2010இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், அந்த எல்லையைத் தாண்டிய வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று காட்டினார்கள். சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதரவாக அந்த எண் பல நாடுகளில் எடுத்துக்காட்டப்பட்டது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், தம் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து அவர்களுடைய எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது தெரிந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் கணக்கில் வரவில்லை. அதையும், விடுபட்ட சில ஆண்டுகளையும், நாடுகளுக்குத் தந்த எடையையும் சரிசெய்தபோது சராசரி 2.2 சதவீதமாயிற்று. அதிகக் கடன் உள்ள நாடுகள் சற்று மெதுவாக வளர்கின்றன என்பது அப்போதும் மறையவில்லை. 90 என்ற கோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது என்பது மட்டும் மறைந்தது.

ஆனால் கவலைப்படவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய கவலை வேறு இடத்தில் இருக்கிறது, அது உண்மையிலேயே பெரியது. 2024, 2025 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் ஃபெடரல் அரசின் பற்றாக்குறை ஏறத்தாழ 1.8 டிரில்லியன் டாலர், அதாவது உற்பத்தியில் 6 சதவீதம். அப்போது போரும் இல்லை, மந்தநிலையும் இல்லை. வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வேலை உருவாக்கம் என்ற பெயரில் இவ்வளவு கடன் வாங்க அந்தச் சூழலில் நியாயம் இல்லை. 2022 தொடக்கத்தில் அரசு தன் கடனுக்குத் தந்த சராசரி வட்டி சுமார் 1.6 சதவீதம், இரண்டே ஆண்டுகளில் அது 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2024 நிதியாண்டில் நிகர வட்டிச் செலவு ராணுவச் செலவையே மிஞ்சியது. வட்டிக்குப் போகும் டாலர் புதிதாக ஒரு தூணைக்கூட எழுப்புவதில்லை. செலவைச் சுருக்க ஏற்ற நேரம் செழிப்புக் காலமே, சரிவுக் காலம் அல்ல என்று 1937இலேயே பொருளாதார அறிஞர் கெயின்ஸ் எழுதினார். அமெரிக்க அரசு இந்த அறிவுரையின் ஒரு பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் உபரி காட்டியதைத் தவிர, கடந்த அரை நூற்றாண்டில் நல்ல காலத்திலும் பற்றாக்குறைதான். அடுத்த மந்தநிலை வரும்போது மாநிலங்களையும் வேலையற்றோரையும் தாங்கக் கடன் வாங்குவதற்குத் தேவைப்படும் இடத்தை இப்போதே நிரப்பிவிடுகிறோமே என்பதுதான் என்னை வருத்தும் விஷயம். பாதிக்கப்படப்போகிறவர்கள் பத்திரம் வைத்திருப்பவர்கள் அல்லர், வேலை இழக்கப்போகும் எளியவர்கள்.

பிள்ளைகளின் தலையில் ஏற்றிய கடன் என்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரங்களையும் அடுத்த தலைமுறையே வாரிசாகப் பெறுகிறது. வெளிநாட்டினர் கையில் இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மீதி அமெரிக்கர்களிடமும் அமெரிக்க நிறுவனங்களிடமும் இருக்கிறது. எனவே சுமை பெரும்பாலும் வரி கட்டும் பிள்ளைகளிடமிருந்து பத்திரத்தை வாரிசாகப் பெற்ற பிள்ளைகளுக்குப் போகும், அதுவே போதுமான அநீதி. கடன் வாங்கிக் கட்டிய பாலம் அவர்களுக்கும் பயன்பட்டால் கணக்கு ஓரளவு நேராகும். அன்றாடச் செலவுக்கும் வரிக்குறைப்புக்கும் வாங்கிய கடனுக்கு அப்படி ஈடு எதுவும் நிற்பதில்லை.

உங்கள் துறையின் கதை இதே கடனுக்குள்தான் இருக்கிறது. 1956இல் ஐசன்ஹோவர் காலத்தில் மாநிலங்களுக்கு இடையேயான நெடுஞ்சாலைகளுக்காக ஒரு தனி நிதி ஏற்படுத்தப்பட்டது. பெட்ரோல் வரி அதற்குள் வரும், சாலைச் செலவு அதிலிருந்து போகும், கடன் தேவைப்படாது என்பது ஏற்பாடு. அந்த வரி 1993 முதல் ஒரு காலனுக்கு 18.4 சென்ட் என்ற அளவிலேயே நிற்கிறது. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, வண்டிகள் குறைந்த எரிபொருளில் ஓடுகின்றன, மின்சாரக் கார்கள் அந்த வரியைக் கட்டுவதே இல்லை. 2008 முதல் அரசின் பொது நிதியிலிருந்து பணம் எடுத்துத்தான் அந்த நிதியைத் தாங்கிவருகிறார்கள், பொது நிதியோ பற்றாக்குறையில் ஓடுகிறது. சாலையைப் பயன்படுத்துவோர் கட்ட வேண்டியதை உயர்த்தும் துணிவு இரு கட்சிகளுக்கும் முப்பது ஆண்டுகளாக வரவில்லை. உங்கள் சம்பளத்தில் கடன் கலந்திருப்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் வேலையைப் பொறுத்தவரை, 2021 சட்டத்தின் சாலைப் பணிகளுக்கான ஐந்தாண்டு அனுமதி 2026 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அந்தத் தேதியில் வேலைகள் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு திட்டத்துக்கு ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட பணம் சட்டம் காலாவதியானாலும் போகாது. 2009இல் ஒரு சட்டம் முடிந்தபோது புதியது 2012இல்தான் வந்தது. இடையில் குறுகிய கால நீட்டிப்புகள் பலமுறை தரப்பட்டன. அந்த ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவை புதிய பெரிய திட்டங்கள், ஏனெனில் சில மாதங்களுக்கு மட்டுமே உறுதியான பணத்தை நம்பி எந்த மாநிலமும் நான்காண்டுப் பணியைத் தொடங்காது. உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறை குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கான திட்டப் பட்டியல் ஒன்றைப் பொதுவில் வெளியிட்டிருக்கும். உங்கள் நிறுவனம் கையில் வைத்திருக்கும் பணிகளை அதில் தேடிப் பாருங்கள். கட்டுமான நிலைக்கு வந்துவிட்டவை எத்தனை, வடிவமைப்பு நிலையிலேயே இருப்பவை எத்தனை, மாநிலத்தின் சொந்தப் பணத்தில் நடப்பவை எத்தனை என்று பிரித்துக்கொண்டால் உங்கள் நிலை தெளிவாகும். பெரும்பாலானவை வடிவமைப்பு நிலையில் ஃபெடரல் பணத்தை மட்டுமே நம்பி இருந்தால், பழைய பாலங்களின் ஆய்வு, பராமரிப்பு ஆகியவற்றில் உங்களுக்குத் தகுதியைக் கூட்டிக்கொள்வது நல்லது. பட்ஜெட் இறுகும்போது கடைசியாக வெட்டப்படுவது அதுதான், பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்வது ஃபெடரல் விதி.

சேமிப்பைப் பொறுத்தவரை, அமெரிக்க அரசு தன் சொந்த நாணயத்தில் கடன் வாங்குகிறது. டாலர் இல்லாமல் அது திணறும் நிலை வராது. அரசு வாங்கக்கூடிய கடனுக்குச் சட்டம் விதித்த வரம்பை உயர்த்துவதில் காங்கிரஸ் நடத்தும் இழுபறியும், 2011, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் மூன்று தர மதிப்பீட்டு நிறுவனங்களும் ஒவ்வொன்றாக மிக உயர்ந்த தரத்தைப் பறித்ததும் கவலைக்குரியவையே. அவை இதுவரை யாருடைய வட்டியையும் அசலையும் தடுக்கவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் பணவீக்கமும் வட்டி ஏற்றமும். 2022இல் வட்டி ஏறியபோது இருபது ஆண்டுகளுக்கு மேல் முதிர்வுக் காலம் உள்ள பத்திரங்களின் சந்தை விலை ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. ஓராண்டுக்குள் முதிரும் பத்திரங்களை வைத்திருந்தவர்களுக்கு அந்த அடி விழவே இல்லை. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தைக் குறுகிய காலப் பத்திரங்களில் வையுங்கள். நீண்ட காலத்துக்கு வைக்க நினைப்பதைப் பணவீக்கத்தோடு அசல் உயரும் பத்திரங்களில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருவர் 10,000 டாலர் வரை வாங்கக்கூடிய ஐ-பாண்டு சேமிப்புப் பத்திரமும் அதே காப்பைத் தருகிறது, ஆனால் முதல் ஓராண்டு அதை எடுக்க முடியாது. முப்பது ஆண்டுப் பத்திரத்தில் பெரும் தொகை ஏதும் இருந்தால், அதை முதிர்வு வரை வைத்திருக்க உங்களால் முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.